முந்நூறுக்கு முந்நூறு

பை நிரம்பிவிட்டது என்கிறது திரை.
சிவப்பு எழுத்து, கூடவே ஒரு சின்ன அதிர்வு,
ஐஸ் பெட்டிக்குள் கடைசி நண்டு
காலை உதைத்துப் பார்ப்பதுபோல.

மண்டபம் வடக்குத் துறை. எடைமேடைக்குப் பின்னால்
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
குந்துகால் பக்கம் ஆறிலிருந்து ஏழுவரை
தீக்கொண்டை இறங்குமாம். வருஷத்துக்கு ஒரே மாலை.
இப்போதே ஐந்தேகால்.

நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டினால்
இன்னும் ஐம்பது இடம் தருவார்கள்.
அந்த ரூபாய்க்குக் கம்பெனி என்னை
மூன்று மணி நேரம் நிற்கவைக்கிறது.
நின்ற காலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஆகவே கழிப்போம்.

பகலெல்லாம் இதுதானே வேலை.
கூடையைக் கவிழ்த்த மாத்திரத்தில்
முதல் தரம், இரண்டாம் தரம், கால் ஒடிந்தது,
உயிரோடிருக்கும் சினை நண்டு திரும்பக் கடலுக்கு.
ஒரு நண்டுக்கு ஒரு பார்வை.
சம்மாட்டி தோளுக்கு மேலே எட்டி முனகினாலும்
கை நிற்காது.

இங்கே நிற்கிறது.

சிப்பிமூஞ்சி மட்டும் பதினேழு.
ஒரே முகம், ஒரே பலம், அதாவது பலமே கிடையாது.
பதினாறை விடலாம்.
எந்தப் பதினாறை?
ஒவ்வொன்றின் கீழும் பிடித்த நாள், பிடித்த இடம்.
இது உச்சிப்புளி கேட், ரயில் வராமல் நாற்பது நிமிஷம்.
இது பெரியாஸ்பத்திரி, டோக்கன் எண்பத்தாறு,
ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்குச் சற்று முன்னால்.
இது தேவிபட்டினம், சபுராவின் கல்யாணப் பந்தி,
வலது கையில் பிரியாணி,
இடது கைச் சுண்டுவிரலால் பிடித்தது.

சபுராவிடம் கேட்டால் திட்டுவாள்:
"பலம் நூறுக்குக் கீழேன்னு தட்டு, மொத்தமா விடு.
ஒண்ணொண்ணுக்கும் நின்னு துஆ ஓதிக்கிட்டு இருப்பியா?"

தட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.
கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கப்போனால்
வரிசையின் நடுவே உப்புவால் ஒன்று.
பலம் பதினொன்று. அதற்குக் கீழே
இந்த விளையாட்டில் எதுவும் பிறப்பதில்லை.
பிடித்த இடம்: தலைமன்னார்.

நான் தலைமன்னார் போனதே இல்லை.

போன பங்குனியில் தம்பி ரெக்ஸ்லின்
தன் ஃபோனைத் தண்ணீரில் விட்டுவிட்டு
என்னுடையதைக் கேட்டு வாங்கிப் போனான்.
மறுநாள் வலை கனக்கக் கனக்க வந்தது.
"கோட்டத் தாண்டவே இல்லம்மா,
இந்தப் பக்கம்தான் விரிச்சோம்,"
வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்னான்.
நம்பினோம். கடன்காரன் வாசலில் நின்ற வாரம் அது,
நம்புவது எளிதாக இருந்தது.

அதிகாலை இரண்டு பதினெட்டு என்று போட்டிருக்கிறது.
விளக்கை அணைத்த படகில், போர்வைக்குள்,
பயத்தில் தூக்கம் வராமல் ஒரு வளையத்தை எறிந்திருக்கிறான்.
இது வந்து மாட்டியிருக்கிறது.
அவனுக்கு எப்போதுமே குறி சரியாக இருக்காது,
இருந்தும் முதல் எறியில்.

விட்டால் தடயம் போச்சு. அது நல்லதுதான்.
யார் கேட்டாலும் என் பை சுத்தம்.
விரலை எடுத்துவிட்டேன்.

பஸ் பாலத்தில் ஏறும்போது
சிப்பிமூஞ்சிகளை ஒவ்வொன்றாக விட்டேன்.
உறுதியா என்று பதினாறு முறை கேட்டது.
ஆஸ்பத்திரிக்கு முதலில் ஆம் என்றேன்.
கேட்டுக்கும் ஆம். பிரியாணியை வைத்துக்கொண்டேன்.

தீக்கொண்டை ஆறு ஐம்பதுக்குக் கிடைத்தது.
பலம் மூவாயிரம், பார்க்கப் பகட்டு.
இன்னும் பதினைந்து இடம் காலி.

திரும்பும் பஸ்ஸில் உப்புவாலைத் திறந்தேன்.
பெயர் வைக்கலாம், எட்டு எழுத்துக்குள்.
எண்ணிப் பார்த்தேன், புள்ளி வைத்ததையும் சேர்த்து.
சரியாக எட்டு.

இந்தப் பக்கம்.